வாஷிங்டனின் நிலக் கடிதங்கள்: புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு

ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்களைப் படித்துப் பார்க்கலாம் என்று உட்காருபவர்கள் பெரும்பாலும் 1775 ஜூனில் ஆரம்பிக்கிறார்கள், அதாவது பிரிட்டனை எதிர்த்த அமெரிக்கப் படைக்கு அவர் தளபதியாக நியமிக்கப்பட்ட மாதத்தில். வெடிமருந்து போதவில்லை, துணி போதவில்லை, காங்கிரஸ் பணம் அனுப்பவில்லை என்று ஒரே பல்லவி ஓடும். நாலைந்து நாளில் அலுத்துப்போய் மூடிவைத்துவிடுவார்கள். எனக்கும் முதல் தடவை அதுதான் நடந்தது.

அப்புறம்தான் இன்னொரு வாசல் கண்ணில் பட்டது. இந்த மனிதர் பதினேழு வயதில் ஒரு மாவட்டத்துக்கு சர்வேயராக நியமிக்கப்பட்டவர். 1799-இல் இறந்தபோது உயிலோடு இணைத்திருந்த பட்டியலில் ஐம்பதாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தது. இடைப்பட்ட ஐம்பது வருஷத்தில் போர் நடந்தாலும் சரி, ஜனாதிபதி நாற்காலியில் இருந்தாலும் சரி, நிலம் தேடுவது, அளப்பது, பட்டா வாங்குவது, குத்தகைக்கு விடுவது, உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் மீது வழக்குப் போடுவது, விற்பது, விற்ற பணம் கைக்கு வராமல் அல்லாடுவது என்று கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். சிலையாக நிற்கும் வாஷிங்டனை இந்தக் கடிதங்களில் பார்க்க முடியாது. கணக்குப் பார்க்கிற, ரகசியம் பேசுகிற, கோபம் வந்தால் வார்த்தையை விடுகிற ஒரு ஆளைப் பார்க்கலாம்.

என் யோசனை இதுதான்: வருஷத்தைப் பிடித்துப் படிக்காமல் ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டு படியுங்கள். அந்த நிலம் எப்படிக் கைக்கு வந்தது, யார் அளந்தார்கள், யார் குடியேறினார்கள், கடைசியில் யார் கைக்குப் போனது என்று அதன் பின்னாலேயே போங்கள். கடிதங்கள் தானாகக் கதையாகக் கோத்துக்கொள்ளும்.

முதலில், எங்கே படிப்பது

பைசா செலவில்லை. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளம் 2013-இலிருந்து இருக்கிறது. வாஷிங்டன், ஜெஃபர்சன், ஃபிராங்க்ளின், ஹாமில்டன் போன்றவர்களின் கடிதங்கள் தட்டச்சு வடிவில், அடிக்குறிப்புகளோடு அங்கே கிடைக்கும். வாஷிங்டன் பகுதிக்கு அடிப்படை, விர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1968-இல் தொடங்கிய பதிப்புத் திட்டம். இதில் பெரிய வசதி என்னவென்றால், அவர் எழுதியதும் இருக்கும், அவருக்கு வந்ததும் இருக்கும். பழைய பதிப்புகள் பலவற்றில் அவர் எழுதியது மட்டும்தான் இருக்கும். டெலிபோனில் ஒருவர் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரி.

மூலக் கையெழுத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காங்கிரஸ் நூலகத்தின் தளம். சுமார் 77,000 ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. கடிதங்கள் தனி வரிசை, அவர் நகலெடுத்து வைத்த கடிதப் புத்தகங்கள் தனி வரிசை, டைரியும் சர்வே வரைபடங்களும் தனி வரிசை. ஆரம்பத்தில் இந்தப் பக்கம் போகாதீர்கள். தட்டச்சு வடிவில் பழகிவிட்டு, சந்தேகம் வரும்போது மட்டும் போய் மூலத்தைப் பாருங்கள்.

ஃபவுண்டர்ஸ் ஆன்லைனில் தேடும்போது சும்மா ‘லேண்ட்’ என்று அடித்தால் கடல் மாதிரி வந்து கொட்டும். எழுதியவர் பெயர், பெற்றவர் பெயர் இரண்டையும் கொடுத்துத் தேடுங்கள். காலப் பகுதியையும் தேர்ந்தெடுங்கள். நிலக் கடிதங்கள் அடர்த்தியாக இருப்பது இரண்டு காலத்தில்: போருக்கு முந்தைய காலனி காலம், போர் முடிந்து ஜனாதிபதி ஆவதற்கு முந்தைய 1784 முதல் 1788 வரை.

இரண்டாவது, ஒரு நிலத்தைத் தேர்ந்தெடுங்கள்

அவர் நிலங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. வாஷிங்டன்ஸ் பாட்டம், ரவுண்ட் பாட்டம், மில்லர்ஸ் ரன், கிரேட் மெடோஸ், கிரேட் கனாவா. ‘பாட்டம்’ என்று பார்த்ததும் சிரிக்க வேண்டாம். ஆற்றங்கரையில் வண்டல் படிந்த தாழ்வான சமநிலம், நம் வார்த்தையில் படுகை. ‘ரன்’ என்றால் ஓடை.

கிரேட் மெடோஸ் சின்னத் துண்டு, 234 ஏக்கர். 1754 ஜூலையில், இருபத்திரண்டு வயதில், வாஷிங்டன் பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்றுச் சரணடைந்த இடம் அது. பதினாறு வருஷம் கழித்து அதே இடத்தை விலைக்கு வாங்கிப் போட்டார், சாகும்வரை விற்கவில்லை. பாசமா, நெடுஞ்சாலை ஓரம் சத்திரம் வைக்கலாம் என்ற கணக்கா என்று கேட்டால், உயில் பட்டியலில் அந்த இடத்தைப் பற்றி எழுதும்போது அவர் பேசுவது இடத்தின் வசதியைப் பற்றித்தான்.

கனாவா ஆற்றங்கரை நிலங்கள்தான் பெரியவை. அந்தப் பட்டியலில் ஐந்து துண்டுகளாக 23,341 ஏக்கர், மதிப்பு 2,00,000 டாலர். ஆனால் புதியவர்களுக்கு அது அதிகம். நான் சிபாரிசு செய்வது மில்லர்ஸ் ரன். அளவு 2,813 ஏக்கர், தென்மேற்குப் பென்சில்வேனியா. ஆரம்பம், சண்டை, கோர்ட், விற்பனை எல்லாம் அதில் இருக்கிறது. அதை அப்புறம் படிப்படியாகப் பார்ப்போம். அதற்கு முன்னால் ஆட்களையும் வார்த்தைகளையும் பழக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஆட்கள்

ரொம்பப் பேர் வேண்டாம். வில்லியம் கிராஃபோர்டு என்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. யாகியோகேனி ஆற்றங்கரையில், இன்றைய கனல்ஸ்வில் இருக்கும் இடத்தில் குடியிருந்த சர்வேயர். வாஷிங்டனுக்காகக் காட்டில் நிலம் தேடி அளந்தவர் இவர்தான். 1782-இல் சான்டஸ்கி படையெடுப்பில் டெலாவேர் என்ற பூர்வகுடி மக்களிடம் பிடிபட்டு எரித்துக் கொல்லப்பட்டார். அதே வருஷம் மார்ச்சில் க்னாடன்ஹட்டன் என்ற ஊரில் நிராயுதபாணிகளான கிறிஸ்தவ டெலாவேர் மக்களைப் பென்சில்வேனியா ஆட்கள் கொன்று குவித்திருந்தார்கள். அதற்கான பழி கிராஃபோர்டு தலையில் விடிந்தது. பதினைந்து வருஷம் தொடர்ந்து பார்த்த ஒரு கையெழுத்து திடீரென்று நின்றுபோவதைக் கவனிப்பீர்கள்.

அடுத்தவர் கில்பர்ட் சிம்ப்சன், வாஷிங்டன்ஸ் பாட்டம் பண்ணையையும் மாவு மில்லையும் பார்த்துக்கொண்ட கூட்டாளி. அப்புறம் தாமஸ் ஸ்மித், வக்கீல். வாஷிங்டனின் வீடான மவுண்ட் வெர்னனில் இருந்து போர்க்காலம் முழுக்கக் குடும்பச் சொத்தைப் பார்த்துக்கொண்ட உறவினர் லண்ட் வாஷிங்டன். இவ்வளவு போதும்.

கிராஃபோர்டும் சிம்ப்சனும் காதில் விழுந்த மாதிரி எழுதுகிறவர்கள். ஸ்பெல்லிங் தாறுமாறாக இருக்கும். கண்ணால் படித்தால் புரியாத வரியை வாய்விட்டுப் படியுங்கள், உடனே பிடிபட்டுவிடும். ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். கனாவாவை வாஷிங்டனே கன்ஹாவா என்று எழுதுவார், சார்ட்டியர்ஸ் ஓடை ‘ஷர்ட்டீஸ்’ ஆகியிருக்கும். தேடும்போது இரண்டு மூன்று விதமாக அடித்துப் பாருங்கள்.

நான்காவது, நாள், அளவு, பணம்

‘இன்ஸ்ட்’ என்று பார்த்தால் இந்த மாதம், ‘அல்ட்டோ’ என்று பார்த்தால் போன மாதம். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். இதில்தான் நான் ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்தேன். ஜார்ஜ் மியூஸ் என்பவருக்கு வாஷிங்டன் 1774 ஜனவரி 29-இல் எழுதிய கடிதம், ‘அல்ட்டோ 24-ஆம் தேதியிட்ட உம்முடைய அகங்காரம் பிடித்த கடிதம் நேற்றுக் கிடைத்தது’ என்று ஆரம்பிக்கும். நான் அதை ஜனவரி 24 என்று நோட்டில் எழுதிக்கொண்டு, நாலே நாளில் எப்படித் தபால் வந்தது, பக்கத்து ஊரா என்று வரைபடத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன். அது டிசம்பர் 24.

அந்தக் கடிதத்தைக் கட்டாயம் படியுங்கள். 1754-இல் சேர்ந்த படைவீரர்களுக்கு 2,00,000 ஏக்கர் தருவதாக விர்ஜீனியா கவர்னர் டின்விடி அறிவித்திருந்தார். அதைப் பங்கு பிரித்ததில் தனக்குக் குறைந்துவிட்டது என்று மியூஸ் திட்டி எழுதியிருக்கிறார். வாஷிங்டனின் பதில்: நேரில் இப்படிப் பேசியிருந்தால் என் கோபத்தைக் கொஞ்சம் உணரவைத்திருப்பேன், இன்னொரு தடவை இப்படி எழுதாமல் ஜாக்கிரதையாக இரும், நீர் குடித்துவிட்டு எழுதியதாகக் கேள்விப்படுகிறேன், ஆனால் குடி மரியாதைக்கேட்டுக்குச் சாக்கு ஆகாது. இவ்வளவு திட்டிவிட்டு, அடுத்த வரியிலேயே சர்வேயராகிவிடுகிறார்: பத்தாயிரம் ஏக்கரும் உமக்கு முழுசாக ஒதுக்கியாகிவிட்டது, பெரிய துண்டில் 9,073, மீதி சின்னத் துண்டில், போய்ப் பார்த்துக்கொள்ளும் என்று. கழித்துப் பார்த்தால் மீதி 927. கோபத்தின் நடுவிலும் கணக்கு தப்பவில்லை.

அளவு நமக்குச் சுலபம். ஏக்கர் அதே ஏக்கர்தான். சர்வே சங்கிலி 66 அடி; சதுரச் சங்கிலி ஒன்று நம் கணக்கில் சரியாகப் பத்து சென்ட். சங்கிலியில் கால் பங்கு ஒரு ‘போல்’, பதினாறரை அடி. நான்கெல்லை சொல்லும்போது கல் நட்டதாக இருக்காது, மரம்தான்: இந்த வெள்ளை ஓக்கிலிருந்து இன்ன திசையில் இத்தனை போல், அங்கே ஒரு ஹிக்கரி மரம், அங்கிருந்து ஆற்றை ஒட்டி வளைந்து போய் ஆரம்பித்த இடம். மரம் விழுந்துவிட்டால்? அதனால்தான் இத்தனை வழக்கு.

‘பேட்டன்ட்’ என்று வருவதைப் பட்டா என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது கவர்னர் கையெழுத்திட்டுக் கொடுப்பது. அதற்கு முன்னால் சர்வே, அதற்கும் முன்னால் உரிமைச் சீட்டு. பட்டா வாங்கினால் மட்டும் போதாது, குறிப்பிட்ட வருஷத்துக்குள் மரம் வெட்டி, வீடு கட்டி, பயிர் வைத்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடும். 1774, 1775-இல் அவர் கனாவாவுக்கு ஆட்களை அனுப்பும் கடிதங்களில் தெரியும் பதற்றத்துக்கு இதுதான் காரணம்.

பணத்தைப் பொறுத்தவரை ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். விர்ஜீனியா பவுண்டு வேறு, ஸ்டெர்லிங் வேறு. விர்ஜீனியா பவுண்டுக்கு மதிப்பு குறைவு. 1790-களில் டாலர் வந்துவிடும். இன்றைய விலையில் எவ்வளவு என்று கணக்குப் போட ஆரம்பிக்காதீர்கள், அது முடிவில்லாத குழி. அதே கடிதத்தில் வரும் இன்னொரு விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அது போதும்.

ஐந்தாவது, இரண்டு கடிதங்களை ஆற அமரப் படியுங்கள்

நிலத்துக்குப் போவதற்கு முன்னால் பயிற்சிக்கு இரண்டு.

முதலாவது 1767 செப்டம்பரில் கிராஃபோர்டுக்கு எழுதியது. பின்னணி: 1763-இல் பிரிட்டிஷ் அரசர் ஒரு பிரகடனம் போட்டு, அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே யாரும் நிலம் எடுக்கக் கூடாது, அது பூர்வகுடிகளுக்கு என்று கோடு கிழித்திருந்தார். வாஷிங்டன் கிராஃபோர்டிடம் சொல்கிறார்: நமக்குள் இருக்கட்டும், அந்தப் பிரகடனத்தைப் பூர்வகுடிகளின் மனதைச் சாந்தப்படுத்தப் போட்ட தற்காலிக ஏற்பாடாகத்தான் என்னால் பார்க்க முடிகிறது, இன்னும் சில வருஷத்தில் அது விழத்தான் போகிறது, இப்போதே நல்ல நிலத்தைத் தேடிப் பிடித்து அடையாளம் வைக்காதவனுக்கு அப்புறம் வாய்ப்புக் கிடைக்காது. நீங்கள் தேடுங்கள், அளப்பதற்கும் பட்டா வாங்குவதற்கும் ஆகும் செலவு என்னுடையது.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை படியுங்கள். முதல் தடவை என்ன கேட்கிறார் என்று. இரண்டாவது தடவை எதை மறைக்கச் சொல்கிறார் என்று. ஏனென்றால் கடிதத்தின் பின்பாதி முழுக்க ரகசியம்தான்: நம்பிக்கையான ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது, கேட்டால் வேட்டைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். காரணம் இரண்டு சொல்கிறார். அரசரின் பிரகடனத்தைப் பற்றி இப்படிச் சொன்னதற்காகத் தன்னைக் குறைசொல்வார்கள் என்பது ஒன்று. விஷயம் வெளியே தெரிந்தால் மற்றவர்களும் அதே வேலையில் இறங்கிவிடுவார்கள் என்பது இன்னொன்று. எது நிஜக் கவலை என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், நான் இரண்டாவதன் பக்கம். மூன்றாவது தடவை, அடுத்து கிராஃபோர்டு செப்டம்பர் 29-இல் எழுதிய பதிலையும் சேர்த்துப் படியுங்கள். யோசிக்கவே இல்லை, மனதார ஒப்புக்கொள்கிறேன், ரகசியம் என்னோடு இருக்கும் என்கிறார்.

இரண்டாவது கடிதம் 1770 ஜனவரி 31-இல் தம்பி சார்லஸுக்கு எழுதியது. 1754 படைவீரர்களுக்கு வரவேண்டிய நில உரிமையைச் சல்லிசாக வாங்கிப் போடச் சொல்கிறார்; ஆயிரம் ஏக்கருக்கு ஐந்து, ஆறு, ஏழு பவுண்டு என்ற விலையில். எப்படிக் கேட்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுக்கிறார்: முதலில் வேடிக்கையாகப் பேசுகிற மாதிரி பேசி, அவர்கள் தங்கள் நிலத்துக்கு என்ன மதிப்புப் போட்டிருக்கிறார்கள் என்று ஆழம் பார். எனக்கு இதில் சம்பந்தம் இருப்பதாக யாருக்கும் தெரிய வேண்டாம். ஊரில் நிலம் வாங்கி விற்கும் எவரிடமும் இதைப் படித்துக்காட்டிப் பாருங்கள், இதில் என்ன அதிசயம் என்று கேட்பார். ஆனால் அந்தப் பங்கீட்டை முன்னால் நின்று நடத்திக்கொண்டிருந்தவரும் வாஷிங்டன்தான், உரிமையை விற்கப்போகிறவர்கள் அவருக்குக் கீழே சண்டை போட்டவர்கள். அந்தப் பங்கீட்டில் பெரிய அதிகாரிக்கு 15,000 ஏக்கர், சாதாரணச் சிப்பாய்க்கு 400.

ஆறாவது, மில்லர்ஸ் ரன்

சரி, இப்போது நிலத்துக்கு வருவோம். நான் போன வரிசை இது.

கிராஃபோர்டு 1770-களின் தொடக்கத்தில் இதை அளக்கிறார். அந்தக் கடிதங்களைத் தேடுங்கள். அளந்த நிலத்தில் யாராவது வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், சொன்னாலும் போக மாட்டேன் என்கிறார்கள் என்ற புலம்பல் அப்போதே ஆரம்பித்துவிடும். 1774 ஜூலையில் விர்ஜீனியா பட்டா கிடைக்கிறது. ஆனால் 1773-லேயே ஸ்காட்ச் ஐரிஷ் குடும்பங்கள் சில, ஜார்ஜ் க்ரோகன் என்ற இன்னொரு பெரிய நில வியாபாரியின் உரிமையை நம்பி அங்கே குடியேறிவிட்டன. இது போதாதென்று, அந்தப் பகுதி விர்ஜீனியாவா பென்சில்வேனியாவா என்பதே அப்போது தகராறு. கடைசியில் பென்சில்வேனியாவுக்குப் போனது, பழைய விர்ஜீனியா பட்டாக்கள் செல்லும் என்ற உடன்பாட்டோடு.

போர் வருகிறது. இந்த எட்டு வருஷத்தை வேகமாகத் தாண்டிவிடுங்கள், நிலத்தைப் பற்றி அதிகம் இல்லை.

1784 செப்டம்பரில் வண்டியை நிறுத்துங்கள். ராணுவப் பதவியைத் துறந்து ஒன்பது மாதம்கூட முழுசாக ஆகவில்லை, தன் மேற்கு நிலங்களைப் பார்க்கக் குதிரையில் கிளம்பிவிட்டார். இங்கே கடிதத்தை விட்டுவிட்டு டைரியைத் திறங்கள். அதுவும் அதே தளத்தில் இருக்கிறது. செப்டம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை: நிலத்தில் குடியிருப்பவர்கள் ரொம்பப் பக்திமான்கள் போலத் தெரிகிறது, அதனால் இன்று போக வேண்டாம், நாளை போகலாம் என்று எழுதுகிறார். துரத்தப்போகிற ஆட்களின் ஓய்வுநாளுக்கு மரியாதை. மறுநாள் போய், டேவிட் ரீட் என்பவர் வீட்டில் சாப்பிடுகிறார், அப்புறம் பேச்சுவார்த்தை.

அதற்கு முன்னால் அவர் செய்தது ஒன்று இருக்கிறது, இதைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொரு குடும்பமும் எத்தனை ஏக்கர் புல்வெளி, எத்தனை ஏக்கர் உழவு வைத்திருக்கிறது, வீடு எப்படி, களஞ்சியம் எப்படி என்று பெயர் போட்டு வரிசையாகக் குறிக்கிறார். காட்டைத் திருத்தி பத்து வருஷத்துக்கு மேல் உழைத்த குடும்பங்களின் வரலாறு, அவர்களைக் காலி செய்யப்போகிறவரின் கையெழுத்தில் இருக்கிறது.

வாஷிங்டன் கேட்ட விலை ஏக்கருக்கு 25 ஷில்லிங், மூன்று வருஷத் தவணை, வட்டியோடு. இல்லையென்றால் 999 வருஷக் குத்தகை. குடியிருப்பவர்கள் கலந்து பேசுகிறார்கள், மாட்டோம், வழக்கைச் சந்திக்கிறோம் என்கிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுந்து சொல்லட்டும் என்கிறார் வாஷிங்டன். சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் அந்த வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு: வாஷிங்டன் பட்டுக் கைக்குட்டையை உயர்த்திப் பிடித்து, இது என் கையில் இருப்பது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயமாக இந்த நிலமும் என் கைக்கு வரும் என்று கத்தினாராம், கெட்ட வார்த்தை பேசியதற்காக அங்கேயே அபராதம் போட்டார்களாம். நல்ல கதைதான். டைரியில் கைக்குட்டையும் இல்லை, அபராதமும் இல்லை. கதையை ரசியுங்கள், நோட்டில் வேறு மையில் எழுதிவையுங்கள்.

1785-லிருந்து தாமஸ் ஸ்மித்தின் கடிதங்கள். மெதுவாகப் படியுங்கள், வக்கீல் தமிழ் மாதிரியே வக்கீல் ஆங்கிலமும் சுற்றி வளைக்கும். உங்கள் பட்டா பிந்தியது, அவர்கள் குடியேற்றம் முந்தியது என்ற பலவீனத்தை ஸ்மித் ஒளிக்கவில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் தனித்தனி வழக்கு. வாஷிங்டன் பழைய தாள்களைக் கிளறி எடுத்து அனுப்புகிறார், யார் சாட்சி சொல்லலாம் என்று எழுதுகிறார். அளந்த கிராஃபோர்டு இப்போது உயிரோடு இல்லை. 1786 அக்டோபரில் நீதிபதி தாமஸ் மெக்கீன் முன்னால் விசாரணை நடந்து வாஷிங்டன் பக்கம் தீர்ப்பாகிறது. விசாரணை நடந்த ஊரின் பெயர் வாஷிங்டன், மாவட்டத்தின் பெயரும் வாஷிங்டன். இரண்டும் இவர் நினைவாக வைத்ததுதான். எதிர்த்தரப்பு ஜூரிகளைப் பார்த்து என்ன நினைத்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஜெயித்த பிறகு குத்தகைக்கு இருந்துகொள்ளலாம் என்று இறங்கி வருகிறார். பெரும்பாலானவர்கள் இருக்கவில்லை, காலி செய்துவிட்டுப் போனார்கள். நல்ல குத்தகைக்காரர் கிடைப்பது பெரும்பாடு. 1794 ஜூன் 16-இல் பிரெஸ்லி நெவில்லுக்கு எழுதிய கடிதத்தில் சலிப்பு கொட்டுகிறது: தூரத்து நிலச் சொத்தில் லாபத்தைவிடத் தலைவலிதான் அதிகம் என்று பல வருஷ அனுபவத்தில் தெரிந்துகொண்டேன், எல்லாவற்றையும் விற்றுவிடப்போகிறேன் என்கிறார். ஒரே மாதத்தில் அந்த நெவில்லின் அப்பா வீட்டை விஸ்கி வரிக் கலகக்காரர்கள் கொளுத்தினார்கள். 1796-இல் மில்லர்ஸ் ரன் மேத்யூ ரிச்சி என்பவருக்கு 12,000 டாலருக்குப் போகிறது. இத்தனைக்கும் சேர்த்து எனக்கு ஆறு வாரம் ஆனது, ராத்திரி ஒரு மணிநேரம் வீதம்.

ஏழாவது, கண்ணில் படாதவர்கள்

கனாவா நிலத்தைப் பற்றி எழுதும்போது அது யாருடைய வேட்டைக்காடு என்ற பேச்சே வராது. 1768 ஸ்டான்விக்ஸ் கோட்டை ஒப்பந்தத்தில் இரோக்வாய் என்ற பூர்வகுடிகள் அந்தப் பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். அங்கே வேட்டையாடிக்கொண்டிருந்த ஷானி மக்களை யாரும் கேட்கவில்லை. 1774 அக்டோபரில் கனாவா ஒஹாயோ ஆற்றில் கலக்கும் பாயின்ட் ப்ளசென்ட்டில் நடந்த சண்டையை மனதில் வைத்துக்கொண்டு, அந்த வருஷக் கடிதங்களில் ‘தொந்தரவு’, ‘ஆபத்து’ என்று வரும் இடங்களைப் படியுங்கள். சிம்ப்சன் பண்ணையில் வேலை செய்ய அனுப்பிய ஆட்களில் அடிமைகளும் இருந்தார்கள். கடிதத்தில் அவர்கள் வருவது குதிரைக்கும் ஏருக்கும் நடுவில், ஒரு வரியில். அந்த ஒரு வரியை விட்டுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பதிப்பை நம்புவது

ஜேரட் ஸ்பார்க்ஸ் என்பவர் 1834 முதல் 1837 வரை வெளியிட்ட பன்னிரண்டு தொகுதிகள் இப்போதும் இணையத்தில் எங்கே பார்த்தாலும் கிடைக்கும். அதிலிருந்து மேற்கோள் எடுக்காதீர்கள். வாஷிங்டனின் மொழியை அவர் இஸ்திரி போட்டார். ‘இப்போதைக்குத் தெள்ளுப்பூச்சி கடித்த மாதிரி’ என்று வாஷிங்டன் எழுதியதை ‘இப்போதைய தேவைக்கு முற்றிலும் போதாதது’ என்று மாற்றினார். ‘ஓல்டு புட்’ என்று செல்லமாகச் சொன்னதை ‘ஜெனரல் புட்னம்’ ஆக்கினார். இதோடு விட்டாரா, கேட்டவர்களுக்கெல்லாம் மூலத்தாளிலிருந்து வெட்டி நினைவுப்பொருளாகக் கொடுத்தார். 1931 முதல் 1944 வரை வந்த ஃபிட்ஸ்பாட்ரிக் பதிப்பு, 39 தொகுதிகள், நம்பகமானது. ஆனால் வாஷிங்டன் எழுதியது மட்டும்.

இதெல்லாம் பழகிவிட்டால் அதே காலத்து மற்றத் தளபதிகளிடமும் போகலாம், அவர்களிலும் நிலப் பைத்தியங்களுக்குக் குறைவில்லை. மெயின் மாநிலத்தில் பெரும் நிலப்பரப்பை வளைத்துக் கடனில் மூழ்கிய ஹென்றி நாக்ஸ், ஒஹாயோவில் மரியெட்டாவை நிறுவிய ரூஃபஸ் புட்னம், வாஷிங்டனிடம் டிஸ்மல் ஸ்வாம்ப் என்ற சதுப்பு நிலத்தின் பங்கை 20,000 டாலருக்குப் பேசி முடித்துப் பணம் கட்ட முடியாமல் போன ஹென்றி லீ. லீ பிற்பாடு கடனுக்காகச் சிறைக்கே போனார்.

ஆனால் மில்லர்ஸ் ரன்னுக்கு அடுத்து வாஷிங்டன்ஸ் பாட்டம் போங்கள் என்றுதான் சொல்வேன். சிம்ப்சனின் மில் கதை அது. ஆயிரம் பவுண்டுக்கு மேல் விழுங்கிய மில்லை 1784-இல் ஏலம் போட்டபோது கேட்க ஆளில்லை. 1795-இல் இஸ்ரேல் ஷ்ரீவ் என்ற முன்னாள் கர்னல் அந்த ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வாங்கிவிட்டு, தவணை கட்டாமல் இழுத்தடிக்கிறார். வாஷிங்டன் முதலில் நயமாக, அப்புறம் ஷெரீப்பை அனுப்புவேன் என்று எழுதுகிறார். கடைசிக் கடிதங்கள் இரண்டு பக்கமும் 1799-இல் நிற்கும். இருவரும் அந்த வருஷம் டிசம்பர் 14-இல் ஒரே நாளில் இறந்தார்கள்.